ரயில் போன நிலத்தில் கார் பேட்டையா?

கேள்வி: சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பழைய ரயில் நிலையத்தைச் சுற்றி எவ்வளவோ நிலம் இருக்கிறது. எம்ஆர்டி (நகர விரைவு ரயில்) நிலையம், வீடுகள், அலுவலகங்கள் எல்லாம் வரும் என்கிறார்கள். பொதுமக்களுக்கு ஒரு பெரிய கார் பேட்டை கட்ட மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. கியோங் சாய்க் சாலை விநாயகர் கோயிலுக்கும் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கும் வயதான பெற்றோரை அழைத்துச் செல்கிறவர்கள் காரை எங்கே நிறுத்துவது? கார் வைத்திருப்பது குற்றமா?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: குற்றமில்லை. விலை கூடிய விருப்பம், அவ்வளவுதான். கார் வாங்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழுக்கு அவ்வளவு பணம் கட்டிய பிறகு, போகிற இடமெல்லாம் நிறுத்துவதற்கும் ஊர்தான் இடம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதில்தான் எனக்கும் உங்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

அந்த நிலம் சும்மா கிடைத்ததாக நினைத்துப் பேசுகிறீர்கள். நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் தனி நாடான பிறகும் தண்டவாளமும் அதை ஒட்டிய நிலமும் மலேசியாவின் மலாயா ரயில்வே வசமே இருந்தன. 1990இல் அந்த நிலத்தைப் பற்றி ஓர் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு என்ன பொருள் என்பதிலேயே இரு நாடுகளும் இருபது ஆண்டுகள் முரண்பட்டு நின்றன. 2010இல்தான் இரு பிரதமர்களும் முடிவுக்கு வந்தார்கள். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா ஆகிய இடங்களிலிருந்த ஆறு துண்டு நிலங்களுக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஓஃபீர்-ரோச்சோரிலும் சிங்கப்பூர் நிலம் கொடுத்தது. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா 60 விழுக்காடும் நம் அரசின் தெமாசெக் 40 விழுக்காடும் வைத்திருக்கும் நிறுவனம் அங்கே மரினா ஒன், டுவோ கட்டடங்களை எழுப்பியது. மரினா வட்டார நிலத்தைக் கொடுத்து வாங்கிய இடத்தில், அரை மணி நேரத்துக்கு 1.20 வெள்ளி கட்டணத்தில் கார் நிறுத்தலாமே என்கிறீர்கள். நல்ல வியாபாரம்!

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கார் நிற்கும் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். பதினொன்றரைச் சதுர மீட்டர். ஆனால் கார் வானத்திலிருந்து குதித்து வந்து அதில் நிற்பதில்லை. நுழைவழி, திரும்பும் இடம், சரிவுப் பாதை எல்லாம் சேர்ந்தால் காருக்கு 25 சதுர மீட்டருக்குக் குறையாது. முதியோரும் வாங்கும் ஈரறை ஃபிளெக்ஸி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஏறத்தாழ 36 அல்லது 46 சதுர மீட்டர். இரண்டு கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் குடித்தனமே நடத்தலாம். சாலைகளுக்கு மட்டும் இந்தத் தீவின் நிலத்தில் 12 விழுக்காடு போய்விட்டது. வீடுகளுக்கு 14 விழுக்காடு. இதற்கு மேலும் காருக்குக் கொடு என்றால் யாரிடமிருந்து எடுத்துக் கொடுப்பது?

ஊர் ஓரத்தில் பேட்டை கட்டிப் பார்த்ததும் உண்டு. 1975இல் நகர மையத்துக்குள் நுழைய நாளுக்கு மூன்று வெள்ளி உரிமம் என்று சட்டம் வந்தபோது, எல்லைக்கு வெளியே பேட்டைகள் அமைத்து, அங்கிருந்து பஸ்ஸும் விட்டார்கள். பேட்டைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. ஓட்டுநருக்கு வேண்டியது பேட்டை அல்ல, கடை வாசல். அதை எந்த அரசாங்கமும் கட்டித்தர முடியாது.

2018 பிப்ரவரி முதல் கார் எண்ணிக்கைக்கு அரசாங்கம் அனுமதிக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யம். முன்பு கட்டடம் கட்டுகிறவர் இத்தனை கட்டங்களாவது ஒதுக்கியே ஆக வேண்டும் என்று குறைந்தபட்சம் விதித்தார்கள். 2019 பிப்ரவரியிலிருந்து உச்சவரம்பும் உண்டு. கார் கூடாமல் பார்த்துக்கொண்டே பேட்டையை மட்டும் கூட்டினால், வீட்டில் நிற்கும் கார்களை நகரத்துக்கு இழுத்து வருவதுதான் மிச்சம்.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். மாரியம்மன் கோயிலுக்குச் சில நிமிட நடையில் மேக்ஸ்வெல் எம்ஆர்டி நிலையம் 2022 நவம்பரில் திறந்தது. கியோங் சாய்க் சாலைக்கு ஊட்ரம் பார்க் நிலையம் இருக்கிறது. தீமிதி அன்று சுற்றுச் சாலைகளையே மூடிவிடுகிறார்கள். ஆண்டிலேயே கூட்டம் நெரியும் நாளும் அதுதான். அன்றைக்கு யாரும் பேட்டை கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு வரி நியாயமானது: வயதான பெற்றோர். முழங்கால் வலியுள்ள எண்பது வயது அம்மாவுக்குச் சில நிமிட நடை என்று நான் எழுதுவது எளிது; உச்சி வெயிலில் நடக்கப்போவது அவர். ஆனால் அவருக்குத் தேவை கார் இரண்டு மணி நேரம் நிற்கும் இடமல்ல, காரிலிருந்து இறங்க இரண்டு நிமிடம். திட்டமிடுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான். நிறுத்தும் கட்டங்களைக் குறைக்கும் உற்சாகத்தில் சாலையோரத்தில் சற்று நின்றுபோகும் இடங்களையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்கள். பூமாலையும் காய்கறியும் கொண்டுவரும் சிறு லாரிக்காரர் இரட்டை மஞ்சள் கோட்டில் ஒரு கண்ணும் அபராதச் சீட்டில் ஒரு கண்ணுமாகச் சரக்கு இறக்குகிறார். சக்கர நாற்காலி வேன் இரண்டு சுற்றுச் சுற்றி வருகிறது. இவர்களெல்லாம் கார் மோகம் பிடித்தவர்கள் அல்லர்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காரில்தான் வருவேன் என்பவர்களுக்கும் இடம் இல்லாமல் இல்லை. தஞ்சோங் பகார் அலுவலகக் கோபுரங்களின் அடித்தளப் பேட்டைகள் வார நாள் பகலில் நிரம்பி வழியும். மாலையிலும் வார இறுதியிலும் காற்று வாங்கும். அதனால்தான் பல இடங்களில் மாலைக்குப் பிறகு ஒரு முறை நுழைவுக்கு ஒரே கட்டணம் என்று கூவி அழைக்கிறார்கள். கோயில் நிர்வாகம் பக்கத்துக் கட்டடங்களிடம் பேசினால் விசேஷ நாள்களுக்காவது ஏற்பாடு செய்யலாம். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

பழைய நிலையக் கட்டடம் 2011 முதல் தேசிய நினைவுச்சின்னம். அதற்குக் கீழே வருவது கேன்டோன்மண்ட் எம்ஆர்டி நிலையம். எம்ஆர்டியின் வட்டப் பாதையை முழு வட்டமாக்கும் மூன்று நிலையங்களில் ஒன்று. பக்கத்தில் 24 கிலோமீட்டர் பழைய ரயில் தடம் நடைப்பயணிகளுக்குக் கிடைத்திருக்கிறது. கொள்கலன் முனையங்கள் துவாஸுக்கு இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கடலோரத்தில் வீடுகளும் எழும்.

எனக்குள்ள கவலை அப்போது வரப்போகும் கொண்டோமினியங்களைப் பற்றியது. பொதுப் பேட்டைக்கு நிலம் இல்லை என்று உங்களிடம் சொல்லும் அதே அரசாங்கம், அங்கே வீட்டுக்கு ஒரு கார் என்று அடித்தளத்தைத் தோண்ட அனுமதித்தால் அது நியாயமே இல்லை. அதை எதிர்த்து ஒரு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு புதிய கட்டடத்தின் முன்பும் முதியோர் இறங்கக் கூரையுள்ள இடம், சரக்கு லாரிக்கு அரை மணி நேரக் கட்டம் இரண்டையும் கட்டாயமாக்க வேண்டும் என்று அதிலேயே சேர்த்து எழுதுங்கள். முதல் ஆளாக நானும் கையெழுத்துப் போடுகிறேன். பேட்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.