சூடு எந்த வழியாகத் தப்புகிறது?

கேள்வி: அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களின் வீட்டைக் குளிர் தாக்காதபடி அரசே செப்பனிட்டுத் தருமாமே, என்ன செய்வார்கள்?

பதில்: 1976-ல் தொடங்கிய திட்டம், கட்டணமில்லை. வாடகை வீடானால் உரிமையாளர் சம்மதம் வேண்டும். முதலில் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்பார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் கை வைத்தால் சில்லென்று காற்று வரும். ஜன்னல்தான் காரணம் என்று நினைப்போம். பெரும்பாலும் கூரைக்கு அடியில் உள்ள பரணுக்கு ஒயரும் குழாயும் ஏறும் துளைகளில்தான் சூடு தப்புகிறது. அவற்றை நுரையாகப் பொங்கி இறுகும் ஃபோமால் அடைத்த பிறகே மேலே சூட்டைக் காக்கும் பஞ்சு பரப்ப வேண்டும். வெறும் பஞ்சு காற்றைத் தடுக்காது. புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடவே கூடாது, தீப்பிடிக்கும். அங்கே தகரமும் தீ தாங்கும் பசையும்தான். கூரை ஒழுகினால் வேலையைத் தள்ளிவைப்பார்கள், கூரையை முதலில் சரிசெய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் ஹீட்டர் புகை உள்ளே திரும்புகிறதா என்று சோதிக்காமல் அவர்களை அனுப்பாதீர்கள்; அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமே கிடையாது.