பைதானில் இரட்டைப் பதிவை நீக்கணும், போட்ட வரிசையும் மாறக்கூடாது. எதைப் பயன்படுத்துவது?

உங்களிடம் யாரோ செட் போடச் சொல்லியிருப்பார்கள், ஒரே மதிப்பை ஒரு தடவைக்கு மேல் வைத்துக்கொள்ளாத தொகுப்பு அது. போடாதீர்கள். அதைப் போட்டு நான் பட்டதைச் சொல்கிறேன்.

சேலத்தில் என் மாமா மாம்பழ மண்டி வைத்திருக்கிறார். முதலில் வந்த வண்டிக்கு முதல் ஏலம், அதுதான் அவருடைய கணக்கு. வாசலில் ஒருமுறை, எடை போடும்போது ஒருமுறை என்று ஒரே வண்டி இரண்டு தடவை பதிவாகிவிடும். அதைக் களைய வண்டி எண்களை எல்லாம் செட்டில் போட்டு ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் 1, 2, 3 என்று பத்து வரை கொடுத்துப் பார்த்தபோது வரிசை அப்படியே வந்தது. செட்டுக்குள் ஒன்றை எங்கே வைப்பது என்று பைதான் கணக்கிடும் எண்ணுக்கு ஹாஷ் என்று பேர்; சின்ன முழு எண்ணுக்கு ஹாஷ் அந்த எண்ணேதான், அதனால் செட்டுக்குள்ளும் வரிசையாக நிற்பதுபோலத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மண்டியில் போட்டதோ டிஎன் 30 என்று தொடங்கும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரம். ஸ்ட்ரிங்கின் ஹாஷ் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மாறும், அதோடு செட்டின் வரிசையும் மாறும். விடியற்காலை மூன்று மணிக்கே மல்கோவாவோடு வந்து நின்ற வாழப்பாடிக்காரர் ஒன்பதாவதாகப் போய்விட்டார்.

"ஏனுங்க, ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு வந்தது இதுக்குத்தானுங்களா?"

மாமா என்னைத் திட்டவில்லை. பழைய நோட்டை எடுத்துப் பேனாவால் எழுத ஆரம்பித்தார். அதுதான் வலித்தது.

அன்று மத்தியானமே செட்டை எடுத்துவிட்டு டிக்ட்.ஃப்ரம்கீஸ் (dict.fromkeys) போட்டேன், வண்டி எண்களை டிக்ட் என்னும் பைதான் அகராதியின் சாவிகளாக்கும் கட்டளை அது. அதை லிஸ்டாக மாற்றினேன், ஒரே வரி. இரட்டை போய்விடும், முதலில் வந்தது முதலிலேயே நிற்கும். டிக்ட் வரிசை காப்பது பைதான் 3.6-லேயே உண்டே என்று திருத்த வருவீர்கள், தெரியும். 3.6-ல் அப்படி அமைந்திருந்தது, அவ்வளவுதான். மொழியே உறுதி கொடுத்தது 2018-ல் வந்த 3.7-ல். மறுநாள் மாமா நோட்டையும் விடாமல் எழுதி, சாயங்காலம் இரண்டையும் ஒத்துப் பார்த்தார். ஒரு வண்டிகூட மாறவில்லை.

கல்லூரியில் இதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. லேப் ரெக்கார்டில் ஓட்டும் முன்பே அவுட்புட்டைக் கையால் எழுதி வைக்கச் சொல்வார்கள், மார்ஜின் கோணினால் கையெழுத்து கிடையாது. ஒரே ப்ரோகிராமை இரண்டு தடவை ஓட்டி, செட் வேறு வேறு வரிசையில் வருவதைக் காட்டியிருந்தாலே போதும், அந்த வாழப்பாடிக்காரருக்கு அன்று அந்த நிலை வந்திருக்காது.

அப்புறம், முன்னால் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவதென்றால் லிஸ்டில் எடுக்காதீர்கள். ஒன்றை எடுத்தால் மிச்சம் எல்லாம் ஓரிடம் நகர வேண்டும். அதற்கு இரண்டு முனையிலும் சட்டென்று எடுக்கவும் போடவும் முடிகிற டெக் (deque) இருக்கிறது, கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில்.