மேல்தளத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் ஷிரகாவாகோ என்ற மலைப்பகுதிக்குப் போயிருந்தோம். நீங்கள் எழுதியிருந்த வாதா வீட்டையும் பார்த்தோம்; செங்குத்தான புல்கூரை போட்ட பழைய மரவீடு. கீழ்த்தளம் அழகு. மேலே ஏறினால் இருட்டு, புகை வாடை, பழைய தட்டுமுட்டுச் சாமான்கள். சீக்கிரமே இறங்கிவிட்டோம். கூரைப்புல்லைக்கூட அவ்வப்போது மாற்றிவிடுகிறார்களாம். அப்படியானால் எதைத்தான் பாதுகாக்கிறார்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

மேலே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். அந்த வீட்டின் உயிரே மேல்தளம்தான். அங்கேதான் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை ஏறக்குறைய 60 பாகை செங்குத்தாக இருப்பது பனி சறுக்கி விழத்தான். ஆனால் அந்த உயரத்துக்குள் புழுத்தட்டுகளுக்குப் பல அடுக்கு இடமும் கிடைத்தது. முக்கோணச் சுவரின் சன்னல்கள் புழுக்களுக்கு வெளிச்சமும் காற்றும் தந்தன. கீழே இரோரி என்ற தரையடுப்பில் எரியும் தீயின் சூடு, பலகை இடுக்குகள் வழியே மேலே போகும். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் புகைதான் புல்லையும் கயிற்றையும் பூச்சி அரிக்காமல் காத்தது.

அப்புறம், கூரையின் சாய்மரங்களைப் பார்த்தீர்களா? ஆணியே கிடையாது. அடிமுனையைக் கூராகச் சீவி, விட்டத்தில் குடைந்த குழியில் நிறுத்தியிருப்பார்கள். மற்ற இடங்களில் வைக்கோல் கயிறும் வளையும் பச்சை மரக்கொம்பும்தான் கட்டு. கொம்பு காயக் காய இறுகும். பனிப்பாரத்திலும் காற்றிலும் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும். எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கீழ்ச்சட்டம் தச்சர் வேலை, கூரை ஊரார் வேலை. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புல் மாற்ற ஊரே கூடும். அதற்கு ‘யுய்’ என்று பெயர். இன்று உன் வீடு, நாளை என் வீடு. புல் புதிதுதான். கட்டத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வித்தை அழிந்திருக்கும்.

அழியவும் பார்த்தது. பட்டுத்தொழில் நலிந்தது, மிபோரோ அணையில் சில குடியிருப்புகள் மூழ்கின, பல வீடுகள் விலைபோயின. 1971இல், வாதா வீடு இருக்கும் ஓகிமாச்சி ஊரார் சங்கம் அமைத்து, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது 1995இல்தான்.

மறுமுறை போனால் பக்கத்துக் கோகயாமா பகுதியின் ஐனோகுரா கிராமத்துக்கும் போங்கள். அங்கே இப்படிப்பட்ட வீடுகளில் இரவு தங்கலாம்.