புது யோசனை கேட்காதீர்கள், தொல்லையைக் கேளுங்கள்

கேள்வி: பினாங்கில் அப்பா நடத்திய மசாலா அரைக்கும் கடையை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையாட்கள் 12 பேர். மாதாமாதம் கூட்டம் போட்டு, "புதிதாக என்ன செய்யலாம்?" என்று கேட்கிறேன். யாரும் வாய் திறப்பதில்லை. மூத்தவர் ஒருவர், "அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் தம்பி" என்று முடித்துவிடுகிறார். இவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் புதுமை செய்வது?
- வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: தம்பி, உங்கள் ஆட்கள்மேல் எனக்குக் குறை தெரியவில்லை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். நாள் முழுக்க மிளகாய் நெடியில் நிற்பவரிடம் முதலாளி திடீரென்று "புதுசா ஏதாவது சொல்" என்றால் அவர் என்ன சொல்வார்? "எந்த வேலை உங்களுக்கு ரொம்பத் தொல்லை?" என்று கேளுங்கள். கூட்டத்தில் வேண்டாம். அரவை மெஷின் பக்கத்தில் நின்று, தனியாகக் கேளுங்கள்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு கெட்ட துணி நெய்துகொண்டே போகாது. பிற்பாடு டொயோட்டா கார் தொழிற்சாலையில் இதையே மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். பிழையைப் பார்த்த தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேற்பார்வையாளர் வந்து நிற்பார். அப்போதும் சரியாகவில்லை என்றால் வேலை வரிசையே நிற்கும். 1951 முதல் தொழிலாளர்களின் யோசனைகளை முறையாகக் கேட்டு வாங்கவும் செய்தார்கள்.

உங்கள் கடையில் நூல் அறுகிற இடம் அந்த மூத்தவருக்குத் தெரியும். மிளகாய் அரைத்த கையோடு மஞ்சள் போட்டால் மெஷினைத் துடைக்கவே எவ்வளவு நேரம் போகிறது, சூடு ஆறாத தூளைப் பாக்கெட்டில் அடைத்தால் எப்படிக் கட்டி தட்டுகிறது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்த விஷயம். எதை முதலில் அரைப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அவரையே ஒரு வரிசை போடச் சொல்லுங்கள். உங்கள் கடையின் முதல் புதுமை அதுவாகவே இருக்கட்டும். அவர் போட்ட வரிசை என்று எல்லோருக்கும் தெரியவும் வேண்டும்.

பெரிய யோசனை வந்தால் சின்னதாகச் செய்து பாருங்கள். வீட்டுச் சமையலுக்கான மீன் கறி மசாலாவைச் சிறு பாக்கெட்டில் விற்கலாம் என்று ஒருவர் சொல்கிறாரா? 50 பாக்கெட், நான்கு வாரம், 300 ரிங்கிட் செலவு, அவ்வளவுதான். எத்தனை விற்றால் தொடரலாம் என்பதை முன்னாடியே எழுதிவையுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் வேண்டாம். அந்த நெருக்கடியில் நல்ல யோசனையும் தோற்றுப்போகும். விற்காமல் போனால் நட்டம் கடையுடையது, சொன்னவருடையது கிடையாது. இதை ஆரம்பிக்கும்போதே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

முன்பு ஓர் அச்சகத்தில் நான் மேலாளராக இருந்தேன். காகித விரயத்தைக் குறைக்க ஒரு பையன் வழி சொன்னான். "பார்க்கலாம்" என்றேன், பார்க்கவே இல்லை. அதன்பிறகு அவன் எதுவும் சொன்னதில்லை. அந்த மௌனத்துக்கு நான்தான் காரணம் என்று புரிய எனக்கு வருடக்கணக்கானது.

அதனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். யார் சொன்னது, என்ன செய்தோம், செய்யாவிட்டால் ஏன் என்று ஒரு வாரத்துக்குள் உங்கள் கையால் எழுதுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் கடை மூத்தவரின் பெயர் வரட்டும்.