வீட்டில் வட்டாரப் பேச்சு பேசும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் கெட்டுப்போகுமா?

உங்கள் பிள்ளை கட்டுரையில் வீட்டுப் பேச்சைக் கலந்து எழுதியதாக ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பயப்படாதீர்கள். நானும் அந்தச் சிவப்பு மை வாங்கியவள்தான்.

நாங்கள் பர்மாவில், பெகு பக்கம். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கே தமிழுக்குக் கோயில் கூடம்தான் கதி. எனக்கு பகலில் பர்மியப் பள்ளி, சாயங்காலம் தமிழ், வீட்டில் அப்பத்தாவின் ராமநாதபுரத்துப் பேச்சு.

ஒரு தடவை கோயில் திருவிழா பற்றி எழுதச் சொன்னார்கள். "அப்பா பூக்குழி இறங்கினாக. அவுக காலில் கொப்புளமே இல்லை" என்று எழுதினேன். ஆசிரியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். 'இறங்கினாக', 'அவுக' இரண்டையும் அடித்தார், சரி. பூக்குழியையும் அடித்துத் 'தீமிதி' என்று எழுதினார். அது எப்படித் தப்பாகும்? அப்புறம் வகுப்பு முன்னால் வாசித்துக் காட்டினார். இரண்டு வருடம் சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை நான்.

பர்மியத்திலும் இதே கஷ்டம் உண்டு. பேச்சில் 'தெ' என்று முடியும் வாக்கியம் எழுத்தில் 'தி' என்று முடியும். அங்கே டீச்சர் கரும்பலகையில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் பேச்சு, அந்தப் பக்கம் எழுத்து என்று காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. மேற்குக் கரையோர அரக்கான் பகுதிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ரங்கூன் பேச்சில் 'ய' ஆகிவிட்ட ஒலியை அவர்கள் இன்னும் 'ர' என்றே சொல்வார்கள். எழுத்திலும் அது 'ர'தான். நாங்கள் தடுமாறும் இடத்தில் அவளுக்குப் பிழையே வராது.

இப்போது நானே கூடத்தில் வகுப்பு எடுக்கிறேன். அதே நடுக்கோடுதான். வந்தாக, வந்தார்கள், அவுக, அவர்கள். மரியாதை பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, விகுதிதான் தேய்ந்திருக்கிறது. ஒன்றைக் காட்டினால் மற்றதைத் தானே மாற்றிவிடும். 'பளம்', 'வாளைமரம்' என்று எழுதுவதுதான் நிஜமான சிக்கல். அதற்குக் காது உதவாது, வாசித்து வாசித்துக் கண் பழக வேண்டும்.

தேர்வில் பேச்சுத் தமிழிலேயே எழுதலாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எழுத்துத் தமிழ் இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்காரர் எழுதுவதை நான் எப்படி வாசிப்பேன்?

ஆனால் வாசிக்க வைக்க வகுப்பு நடக்க வேண்டுமே. முகூர்த்த நாள் வந்தால் கூடத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிடுகிறார்கள். போன ஆவணியில் நான்கே வகுப்பு. நிர்வாகத்தில் கேட்டால், வாடகை வருகிறதே என்கிறார்கள். பிள்ளைகள் நோட்டும் கையுமாக வாசல்வரை வந்து, பந்தலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.