கட்சி பிரைமரியில் இரண்டு வேட்பாளர்களுமே தகுதியானவர்கள், அதில் ஒருவர் தமிழர். யாருக்கு வாக்களிப்பது?

எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. "கொள்கையில் இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஒருவர் நம் ஆள், வீட்டிலும் நண்பர்களிடமும் ஒரே சண்டை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி அதிக நாள் ஆகியிருக்காது, இதுதான் உங்கள் முதல் பிரைமரி (பொதுத் தேர்தலுக்கு முன் கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்) என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். இதே குழப்பத்தில் நான் 2012-இல் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சிகாகோவுக்கு வடமேற்கே ஷாம்பர்க். இல்லினாய் மாநிலத்தின் 8-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை) தொகுதி. ஜனநாயகக் கட்சி பிரைமரியில் இரண்டு பேர். ஒருவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. தமிழ்க் குடும்பம், டெல்லியில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவர், இல்லினாயிலேயே பியோரியாவில் வளர்ந்தவர், பிரின்ஸ்டனில் பொறியியலும் ஹார்வர்டில் சட்டமும் படித்தவர், ஒபாமாவின் 2004 செனட் (நாடாளுமன்ற மேலவை) பிரச்சாரத்தில் வேலை செய்தவர். இன்னொருவர் டேமி டக்வொர்த். ஈராக்கில் 2004 நவம்பரில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டால் தாக்கினார்கள். இரண்டு கால்களையும் இழந்தார். பிறகு மாநிலத்தின் முன்னாள் படைவீரர் துறையை நடத்தினார், அடுத்து மத்திய அரசின் அதே துறையில் உதவிச் செயலாளராக இருந்தார்.

குறை சொல்லித் தள்ளிவிட முடியாத இரண்டு பேர். ஒருவராவது மோசமானவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அண்ணன் இருந்தார், திருநெல்வேலிக்காரர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், என் மகள் பிறந்தபோது அவர் மனைவிதான் பத்தியச் சமையல் செய்து கொண்டுவந்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணன் ராஜாவுக்காக வீடு வீடாகப் போனார். காதுவரை இழுத்த குல்லாய், கையில் வாக்காளர் பட்டியல் செருகிய அட்டை, விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியாமல் எங்கள் வீட்டு அடுப்பில் கை காட்டிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி கிளம்புவார். "நம் பிள்ளை ஒருவன் அங்கே போய் உட்கார வேண்டாமா தம்பி? இந்த முறை விட்டால் எப்போது?" என்பார். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. வாஷிங்டனில் நம் பெயரைச் சரியாக உச்சரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன்.

ஆனால் எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 2010 நவம்பரில் இதே 8-ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் மெலிசா பீன் குடியரசுக் கட்சியின் ஜோ வால்ஷிடம் தோற்றார். வித்தியாசம் 290 வாக்குகள். அன்று எனக்கு வாக்குரிமை இருந்தும் அலுவலக வேலையைக் காரணம் சொல்லிப் போகவில்லை. அந்த 290 என்ற எண் இன்றும் என்னைக் குத்தும். அதனால் இந்த முறை, நவம்பரில் வால்ஷை எதிர்த்து யார் நின்றால் ஜெயிக்க முடியும் என்பதையும் பார்த்தேன். பிரைமரி என்பது நமக்குப் பிடித்தவரைப் பாராட்டும் மேடை மட்டும் இல்லை, அடுத்த சண்டைக்கு ஆளைப் பொறுக்குவதும் அதுதான்.

இதையும் தாண்டி ஒரு காரணம் உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். என் அப்பா ராணுவத்தில் இருந்தவர். வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகும் ஊர்கள் உண்டு, அப்படி ஓர் ஊர் எங்களுடையது. பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள். வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காது பாதி. காது போனதற்கான பென்ஷனைக் கேட்டு அவர் ஏறி இறங்கியது 11 ஆண்டுகள். பள்ளி விடுமுறையில் என்னைத் துணைக்கு அழைத்துப் போவார். மஞ்சள் பைக்குள் டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம், பழைய கடிதங்களின் நகல்கள். கவுன்டரில் இருப்பவர் தலை நிமிராமல் முணுமுணுப்பார். அப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்ன சார் சொன்னீங்க?" என்பார். காது கேட்கவில்லை என்று மனு கொடுக்க வந்தவரிடம், சொன்னதைத் திரும்பச் சொல்ல முடியாது என்று எரிந்து விழுவார்கள். நான்தான் அப்பாவின் இடது காதில் கத்திச் சொல்வேன். வரிசையில் நிற்கும் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அலுவலகத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நாட்டுக்காகக் காதைக் கொடுத்தவனைக் கெஞ்ச வைப்பது என்ன நியாயம்? யாராவது சொல்லுங்கள்.

முன்னாள் படைவீரர்களுக்காக உழைப்பதையே வேலையாகச் செய்த ஒருவர், தானும் அப்படி உடம்பைக் கொடுத்த ஒருவர் என் வாக்கைக் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

2012 மார்ச் 20. சிகாகோவில் மார்ச் மாதத்தில் பனி பெய்யும், அன்று வெயில் 80 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. வாக்குச்சாவடியில் ஒரு வயதான அம்மா, "எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். இல்லினாயில் கட்சியில் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் இல்லை. சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும், ஒன்றுதான் தருவார்கள். எந்தக் கட்சியின் சீட்டை வாங்கினீர்கள் என்பது பதிவாகும், யாருக்குப் போட்டீர்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. (நியூயார்க், பென்சில்வேனியா போன்ற இடங்களில் முன்கூட்டியே கட்சியில் பதிவு செய்திருந்தால்தான் வாக்கு. கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கட்சி பார்க்காமல் முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். உங்கள் மாநில விதியை இன்றே பாருங்கள், கெடு முடிந்தபின் பார்த்துப் பயனில்லை.)

சீட்டில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன. என் தாத்தாவின் பெயரும் கிருஷ்ணமூர்த்திதான். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் அமெரிக்க வாக்குச்சீட்டில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. நான் சற்று அதிக நேரம் நின்றிருக்க வேண்டும், அந்த அம்மா வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். டக்வொர்த்துக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

அவர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளில் ஜெயித்தார், நவம்பரில் வால்ஷையும் தோற்கடித்தார். என் ஒரு வாக்கால் எதுவும் மாறவில்லை என்று நான் சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணன் நேரடியாகக் கேட்டார், பொய் சொல்ல வரவில்லை. "கட்சிப் பெரிய தலைகள் எல்லாம் அந்தப் பக்கம் நின்றார்கள், சரி. நீயுமா?" என்றார். எங்கள் மாநில ஜனநாயகக் கட்சி செனட்டர் டர்பின் டக்வொர்த்தை ஆதரித்தது உண்மைதான். ஆனால் நான் டர்பின் சொல்லிப் போடவில்லை. அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எட்டு மாதம் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

"தமிழனே தமிழனுக்குப் போடவில்லை" என்று கீழே யாராவது கருத்து எழுதுவார்கள், எனக்குத் தெரியும். தமிழ் என்று பார்த்து வாக்களிப்பது தவறு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பிரதிநிதித்துவம் பெரிய விஷயம். அதே சமயம் அது மட்டுமே காரணமாக இருந்தால், உங்களுக்குள் இருக்கும் மற்றக் காரணங்களையும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். இருவருடைய கொள்கைகளும் ஒன்றாக இருக்கும்போது அவர்கள் இதுவரை செய்த வேலையைப் பாருங்கள். எந்த வேலை உங்கள் வாழ்க்கையைத் தொடுகிறதோ அதற்குப் போடுங்கள். நான் தாத்தாவின் பெயரையும் அப்பாவின் காதையும் வைத்துப் பார்த்தேன். உங்களுக்கு வேறு ஏதாவது இருக்கும்.

தோற்றவர் காணாமல் போய்விடுவார் என்றும் பயப்படாதீர்கள். 2016-இல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிட்டார், காலியான 8-ஆவது தொகுதியில் ராஜா மறுபடி நின்றார். அந்த மார்ச்சில் நானும் அண்ணனோடு வீடு வீடாகப் போனேன். அவர் தெருவின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். ராஜா பிரைமரியில் ஜெயித்தார், நவம்பரிலும் ஜெயித்தார். அன்று இரவு அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். 2012-ஐப் பற்றி அவர் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணி மட்டும் இன்னும் முன்போல என்னிடம் பேசுவதில்லை. மகளுக்குப் பிறந்த நாள் என்றால் பலகாரம் மட்டும் வருகிறது, அவர் வருவதில்லை.