அமெரிக்கா லெவல் 2 என்று போட்ட நாட்டுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி இதுதான்: "இலங்கைக்குக் குடும்பத்துடன் சுற்றுலா போக நினைக்கிறோம். அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் இலங்கைக்கு லெவல் 2 என்று இருக்கிறது. இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?"

அந்த எண்ணை மட்டும் பார்த்துத்தான் தயங்குகிறீர்கள் என்றால், தயங்க வேண்டியதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் எல்லாமே கடந்த சில ஆண்டுகளாக அதே பட்டியலில் லெவல் 2தான். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தியாவும் லெவல் 2தான்.

நான் சென்னையில் டிராவல்ஸ் தொழிலில் இருப்பவன். வெளிநாட்டுக்காரர்களை இங்கே சுற்றிக்காட்டுவதும், நம் ஆட்களை வெளியே அனுப்புவதும் வேலை. இரண்டு பக்கமும் இந்த எண் வந்து நிற்கும். நாட்டுக்குப் போட்ட மார்க் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஓர் அரசு தன் குடிமக்களிடம், "நீ அங்கே போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், என்னால் எவ்வளவு உதவ முடியும்" என்று சொல்லும் பேச்சு அது. அபாயம் அதில் ஒரு பாதிதான்.

இப்போதுள்ள நாலு படி முறையை அமெரிக்க வெளியுறவுத்துறை 2018 ஜனவரியில் கொண்டுவந்தது. ஒன்று என்றால் வழக்கமான கவனம் போதும். இரண்டு, கூடுதல் கவனம். மூன்று, போவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள். நாலு, போகவே வேண்டாம். எண்ணோடு காரணமும் சேர்ந்து வரும்: குற்றம், பயங்கரவாதம், கலவரம், உடல்நலம், இயற்கைச் சீற்றம் என்று. 2019இல் ஆள்கடத்தலையும், 2022இல் அந்நாட்டு அரசே அமெரிக்கர்களை அநியாயமாகப் பிடித்துவைக்கும் அபாயத்தையும் தனிக் காரணங்களாகச் சேர்த்தார்கள். வட கொரியா லெவல் 4. தெருவில் யாராவது பர்ஸை அடித்துவிடுவார்கள் என்பதற்காக அல்ல. அங்கே அமெரிக்கத் தூதரகமே இல்லை. ஒருவரைப் பிடித்து வைத்தால் ஸ்வீடன் தூதரகம் வழியாகத்தான் பேச வேண்டும். இது அமெரிக்கர்களுக்கான கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது.

இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி, நமக்குத் தெரிந்த நாட்டைப் பற்றி அவர்கள் எழுதியதைப் படிப்பது. 2025 ஜூனில் புதுப்பித்த, அவர்கள் தளத்தின் இந்தியப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே லெவல் 2. உள்ளே போனால் மணிப்பூருக்கும், லடாக்கின் கிழக்குப் பகுதியும் லேவும் நீங்கலாக ஜம்மு காஷ்மீருக்கும் 'போக வேண்டாம்'. பாகிஸ்தான் எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் அதேதான். கிழக்கு மகாராஷ்டிரம், வடக்குத் தெலங்கானா தொடங்கி மேற்கு வங்கத்தின் மேற்குப் பகுதி வரை நீளும் கிராமப்புறங்களில் தங்களால் அவசர உதவி செய்வது கடினம் என்கிறார்கள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களுக்கு அவர்களுடைய அரசு ஊழியர்களே அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். அந்த மாநிலத் தலைநகருக்கு மட்டும் போவதென்றால் அனுமதி தேவையில்லை. நான் முதலில் தேடுவது இந்த ஊழியர் விதியைத்தான். தன் ஆளை அனுப்ப ஓர் அரசு எங்கே தயங்குகிறதோ அங்கேதான் அதன் உண்மையான கவலை இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மதுரையும் தஞ்சாவூரும் வரவே இல்லை. ஆனால் தலைப்பில் உள்ள '2' மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறவரையும் சேர்த்துத்தான் பயமுறுத்துகிறது.

மெக்சிகோ பக்கம் இன்னும் தெளிவு. மாநிலம் மாநிலமாகப் பிரித்திருப்பார்கள். சினலோவா லெவல் 4, யுகடான் லெவல் 1. ஒரே நாட்டுக்குள் மேல்படியும் கீழ்படியும்.

இவர்கள் ஏன் எப்போதும் ஒரு படி கூடுதலாகவே எச்சரிக்கிறார்கள் என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1988 டிசம்பரில், ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் அமெரிக்காவின் பான் ஆம் விமானத்தில் குண்டு வைக்கப்படும் என்று ஹெல்சிங்கியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி மிரட்டல் வந்தது. மாஸ்கோ தூதரகத்தில் ஊழியர்களுக்கு அதை அறிவிப்பாக ஒட்டினார்கள். பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மீது பான் ஆம் விமானம் வெடித்து 270 பேர் இறந்தார்கள். அந்த மிரட்டலுக்கும் குண்டுக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் பிறகு முடிவானது. ஆனாலும் மக்களின் கோபம் நியாயமானது. அதன்பின் ஊழியர்களுக்குச் சொல்வதைக் குடிமக்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியாயிற்று. எச்சரித்து ஒன்றும் நடக்காவிட்டால் அதிகாரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. எச்சரிக்காமல் ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, கூடுதலாக எச்சரித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் உண்டு, அது எச்சரிக்கும் நாட்டுக்கு அல்ல. பிரிட்டனில் எண் முறை கிடையாது. 'அவசியமில்லாத பயணம் வேண்டாம்', 'எந்தப் பயணமும் வேண்டாம்' என்று இரண்டே வாசகங்கள். அவற்றில் ஒன்று வந்துவிட்டால் பெரும்பாலான பிரிட்டிஷ் பயணக் காப்பீடுகள் செல்லாது. காப்பீடு போனால் பேக்கேஜ் கம்பெனி ஆளை அனுப்பாது. 2015 ஜூன் 26 அன்று துனிசியாவின் சூஸ் கடற்கரையில் ஒருவன் சுட்டு 38 பேர் இறந்தார்கள். அதில் 30 பேர் பிரிட்டிஷார். இரண்டு வாரத்துக்குள் பிரிட்டன் துனிசியாவுக்கு 'அவசியமில்லாத பயணம் வேண்டாம்' என்ற வாசகத்தைப் போட்டது. பிரான்சும் ஜெர்மனியும் போடவில்லை. ஒரே கடற்கரை, ஒரே தாக்குதல், வெவ்வேறு முடிவு. பிரிட்டன் அதை விலக்க 2017 ஜூலை ஆயிற்று.

இலங்கையில் இது என்ன செய்தது என்பதை நாங்கள் பக்கத்திலிருந்தே பார்த்தோம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின் அமெரிக்கா லெவல் 3க்கு ஏற்றியது. அவசியமில்லாமல் போக வேண்டாம் என்று இந்தியாவும் சொன்னது. அந்த மே மாதம் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 37,802 பேர். முந்தைய மே மாதம் 1,29,466 பேர். குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும். வாடிப்போனது நிலாவெளிக் கடற்கரையின் சின்ன விடுதிகள், மலைநாட்டு ஊரான எல்லவின் டீக்கடைகள், லீசிங்கில் வேன் எடுத்து ஓட்டியவர்கள் எல்லோரும்தான். எங்களோடு வேலை செய்த ஒரு வேன் ஓட்டுநர், "அண்ணே, ஒரு குடும்பம் வந்தாலும் போதும், இந்த மாசத் தவணையைக் கட்டிருவன்" என்று போனில் கேட்டார். அனுப்ப எங்களிடம் யாரும் இல்லை. அந்த முதல் சில வாரங்களில் எச்சரித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். குண்டு வைத்த கூட்டத்தில் இன்னும் யார் யார் பிடிபடாமல் வெளியே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. இந்தியா மே கடைசியில் தளர்த்தியது, ஜூனில் அமெரிக்காவும் பிரிட்டனும். ஏற்றுவது ஒரே நாளில் தலைப்புச் செய்தி ஆகிறது, இறக்குவது யார் காதிலும் விழுவதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

அரசியலும் இதில் கலக்கும். 2023 செப்டம்பரில் இந்தியாவும் கனடாவும் மோதிக்கொண்ட வாரத்தில் இரண்டு நாடுகளும் ஒன்றைப் பற்றி ஒன்று புது எச்சரிக்கை வெளியிட்டதைப் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம், நம் ஆட்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. தாய்லாந்து பல வருடங்கள் லெவல் 1இல் இருந்த நாடு. அந்த வருடங்களில்தான், ஐ.டி. வேலை என்று பாங்காக்குக்கு வரவழைக்கப்பட்ட இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆன்லைன் மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கடற்கரைக்கு வரும் அமெரிக்கருக்கு அது பாதுகாப்பான நாடுதான். வேலை தேடிப் போகும் நம் பையனுக்கு அந்த எண் எதையும் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இதைக் குறிப்பிட்டே எச்சரித்தது. நம் அமைச்சகம் எண் போடுவதில்லை. நிலைமைக்குத் தக்கபடி அறிக்கை விடும், அந்தந்தத் தூதரகத்தின் தளத்திலும் வரும். நமக்காக எழுதப்பட்டது அதுதான், முதலில் அதைப் படியுங்கள்.

இலங்கைக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லெவலைத் தாண்டி உள்ளே போய், நீங்கள் போகும் ஊரின் பெயர் இருக்கிறதா, எந்தத் தேதியில் புதுப்பித்தார்கள், காரணம் என்ன என்று பாருங்கள். கொழும்பு இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணை போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டு பாலிசியில் எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். வேலைக்காக யாராவது வெளிநாடு கிளம்பினால், ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்.